இஞ்சினுக்குள் வைத்து அனுப்பிய மூன்று விளக்குகள்

1

நாங்கள் கை நீட்டுகிற குடும்பம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது. ஐயா எங்களை அடித்தார். அண்ணன் என்னை அடித்தார். நான் ஜப்பானுக்கு வந்த இரண்டாம் வருடம், என் சாப்பாட்டுப் பெட்டியைக் காலால் தட்டிய ஒருவனின் மூக்கை உடைத்து, அவனுடைய வைத்தியச் செலவைப் பல மாதமாகக் கட்டினேன். அதற்குப் பிறகு என் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கப் பழகினேன். பழகினேன் என்றுதான் சொல்லலாம், திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

நெடுங்கேணியில் என் அண்ணனின் மூத்த மகள் சாருகாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. வலது காது கேளாது. கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருக்கிறது. ஒன்றரை வருடமாக அந்தத் துண்டோடு வாழ்ந்தவள், போன மாதம் பொலிசுக்குப் போய், நான் விழவில்லை, அப்பா அடித்தவர் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். இவ்வளவு நாள் பொறுத்தவள் இப்போது போனதற்குக் காரணம் அவளுடைய தங்கை. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. அண்ணன் இப்போது அதை அடிக்கத் தொடங்கியிருக்கிறார்.

துண்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே, நீ சொல்வதற்குச் சாட்சி யார் என்று பொலிசில் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய தாய் வாய் திறக்க மாட்டார். அடித்ததைக் கண்ட அயல்வீட்டுச் செல்வம் அண்ணனின் ரக்டரை ஓட்டிச் சம்பாதிக்கிறவர், அவரும் திறக்க மாட்டார். கண்ட மற்றச் சனமும் அண்ணனுக்கு எதிராக வராது. மிச்சம் நான்தான். ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற நான். சாருகா எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள்.

"சித்தப்பா, நடந்ததை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவியளோ?"

யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். ஒரு கிழமை யோசித்தேன். அந்தக் கிழமையில் எழுதத் தொடங்கியதுதான் இது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அண்ணனைத் தெரியும், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற மனுசன். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

2

என் மகள் அகல்யா இங்கே பிறந்தவள். பதினொரு வயது. தமிழ் விளங்கும், ஆனால் பதில் ஜப்பானிய மொழியில்தான் வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் தன் மொழியில் சொல்லுவாள், நான் பாதியை விளங்கிக்கொண்டு தலையாட்டுவேன். வீட்டில் நடப்பது இதுதான். பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் பழைய வாகனங்களைக் கழற்றுகிற யார்டில் வேலை செய்தும், எனக்கு வந்த ஜப்பானியம் நட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டும் போதுமான ஜப்பானியம்.

ஆரம்பத்தில் வீடியோ அழைப்பில் அகல்யாவும் சாருகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். சாப்பிட்டியா, ஓம். அவ்வளவுதான். பிறகு எப்படியோ இரண்டு பேருக்கும் ஒரே பாட்டுக் குழுவில் பைத்தியம் பிடித்தது. ஐந்து பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு நிறம், குதித்துக் குதித்துப் பாடுவார்கள். எனக்கு அது தகரத்தில் கல்லெறிகிற சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் சாருகா நெடுங்கேணியில் இருந்துகொண்டு அந்தப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கி, பிறகு ஜப்பானிய எழுத்தையே படித்துவிட்டாள். ஒருநாள் அகல்யாவின் பாடசாலைக்கு நான் எழுதிய லீவுக் கடிதத்தைக் கொடுக்க மகள் மறுத்துவிட்டாள், முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறதாம். அந்தக் கடிதத்தைப் போனில் பார்த்துத் திருத்தித் தந்தது சாருகா. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அண்ணனுக்கு இந்தக் கூத்துப் பிடிக்காது. சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒருநாள் கிழித்து அடுப்பில் போட்டார். அன்றைக்கும் இரண்டு அறை விழுந்தது. அதை எனக்குச் சொன்னபோது சாருகா அழவில்லை. அப்பா உப்பிடித்தானே என்றாள். நானும் ஓம் பிள்ளை, அப்பா உப்பிடித்தான் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் குழுவின் கச்சேரியைப் பார்க்கிறவர்கள் கையில் ஒரு விளக்குக் குச்சி பிடிப்பார்கள். முழங்கை நீளம், பற்றரியில் எரியும், ஆட்டினால் நிறம் மாறும். இணையத்தில் கச்சேரி வருகிற நாளில் அகல்யா இங்கேயும் சாருகாவும் அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகளும் அங்கேயும் ஒரே நேரத்தில் விளக்குப் பிடிக்க வேண்டும் என்று திட்டம். அங்கே மூன்று விளக்கு வேண்டும். குழுவின் கடை இலங்கைக்கு அனுப்பாது. இடையில் நின்று வாங்கி அனுப்புகிற கம்பனிகள் இருக்கின்றன, அவர்களுக்கு ஒரு கட்டணம், பிறகு தபாலுக்கு, பிறகு கொழும்பில் சுங்கத்துக்கு. சாருகா முழுவதையும் கூட்டிப் படம் எடுத்து அனுப்பினாள். விளக்கை விட விளக்கு வாற கூலி கூடவாம் சித்தப்பா, ஆரும் கேட்டால் சிரிப்பினம் என்றாள்.

விடு, நான் வாங்கி அனுப்புறன் என்றேன். பெரிய மனுசத்தனம். வாங்கிக்கொண்டு தபாலகத்துக்குப் போனால், பற்றரி உள்ள சாமானுக்குத் தனிப் படிவம், தனிப் பெட்டி, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நானூறு யென் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். எனக்குப் பொறுக்கவில்லை. நாலாயிரத்து நானூறுக்கு நான் ஒரு கிழமை மத்தியானம் சாப்பிடுவேன். பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3

எங்கள் யார்டில் இருந்து கொழும்புக்குக் கொள்கலன் போகும். கொள்கலனில் நிறைக்குக் கூலி இல்லை, இடத்துக்குத்தான் கூலி. அதனால் இலங்கைப் பொடியன்கள் எல்லோரும் ஊருக்குச் சாமான் அனுப்புவது வெறுமையாகக் கிடக்கிற இடங்களில். வாகனக் கதவின் உள்பக்கம், டயரின் வயிறு, பெற்றோல் தாங்கி. பொந்து என்போம். சொக்லேற், சென்ற், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் பொந்தில் ஊருக்குப் போயிருக்கின்றன. முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

அந்த மாதம் அண்ணனுக்கு ஒரு பழைய டீசல் இஞ்சின் போக இருந்தது. கச்சான் கடலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்புக்கு. அந்த ரக இஞ்சினின் மேலே தண்ணீர் ஊற்றுகிற தொட்டி இருக்கும், அகலமான வாய். கழுவித் துடைத்தேன். மூன்று விளக்கையும் ஒன்றாகச் சேர்த்து, உடையாமல் இருக்கப் பிளாஸ்ரிக்கில் சுற்றி, கறுப்பு ரேப்பால் இறுக்கிச் சுற்றினேன். தொட்டிக்குள் ஆடாமல் இருக்க, யார்டில் கிடந்த சிவப்பு வயரால் கட்டினேன். விளக்கு எரியாமல் பற்றரிக்கு இடையில் வைக்கிற தாள்களின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அவற்றை உள்ளே தள்ள மறந்தேன். மூடியைப் போட்டு இறுக்கினேன்.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறின வருடம் காணி துப்பரவாக்கும்போது மண்வெட்டி பட்டு மிதிவெடி வெடித்ததில் இடது கையில் மூன்று விரலை இழந்தவர் என் அண்ணன். இரத்தத்தில் நனைந்த அந்தக் கையை என் சாரத்தைக் கிழித்துக் கட்டியவன் நான். அந்த நான், மூன்று குழாயைக் கறுப்பு ரேப்பால் சுற்றி, சிவப்பு வயரால் கட்டி, அந்த மனுசனின் பெயர் எழுதிய பெட்டிக்குள் வைத்து வன்னிக்கு அனுப்பினேன். விசரன் என்று திட்டுங்கள். அதற்கு மேலேயும் திட்டலாம்.

சாருகாவுக்கு மட்டும் சொன்னேன். இஞ்சினுக்குள்ளே இருக்கிறது, அப்பா பிரிக்க முதல் எடு என்று. அவள் மிகவும் சந்தோசப்பட்டாள்.

4

லொறி ஒரு நாள் முந்தி வந்தது. சாருகா பாடசாலையில் இருந்தாள்.

அண்ணனும் செல்வமும் பெட்டியை அலவாங்கால் திறந்து இஞ்சினை வளவில் இறக்கினார்கள். செல்வம் பிறகு எனக்குச் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். அண்ணன் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு, சத்தமே போடாமல், செல்வம், அசையாதை என்றார். அண்ணியைக் அடுப்படிக் குசினிக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். சின்னவள் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றவள், அவளையும் இழுத்துக்கொண்டு அண்ணி ஓடினார். செல்வம் படுத்துவிட்டார். படுத்தபடி பார்த்தவர் சொல்லுகிறார், அண்ணனின் சாரம் நனைந்ததாம், ஆனால் கை நடுங்கவில்லையாம்.

பொலிசைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பெயர் எழுதிய பெட்டிக்குள் அப்படி ஒரு சாமான் இருந்தால், உங்களையே பிடித்து உள்ளே போடுகிற வன்னியில், நீங்கள் கூப்பிடுவீர்களா? அண்ணன் கூப்பிடவில்லை. இரண்டு விரல் மிச்சமுள்ள இடது கையாலும் வலது கையாலும் அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்து எடுத்தார். எடுத்துக்கொண்டு கச்சான் தோட்டத்துக்குள்ளால் ஓடினார். எல்லையில் ஒரு பாழ்க்கிணறு இருக்கிறது. அதற்குள் எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

வெடிக்கவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஓடினதைக் கண்ட அயல் சனம் தூரத்தில் கூடி நின்றது. கடைசியில் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. கல்லில் அடிபட்டு ரேப் கிழிந்து, தாள்கள் கழன்று, மூன்று விளக்கும் அடியில் எரிந்துகொண்டிருந்தன. ரோஸ், பச்சை, நீலம் என்று மாறி மாறி.

சனம் சிரித்தது. எப்படிச் சிரிக்காமல் இருக்கும், சாவு வந்து திரும்பிப் போன நேரம் சனம் சிரிக்கத்தான் செய்யும். செல்வமும் சிரித்தார், அதற்காக இன்றைக்கும் அந்த மனுசன் தன்னைத் திட்டுகிறார். அந்த நேரம் பார்த்துச் சாருகா சைக்கிளில் வந்தாள், வெள்ளைச் சட்டையோடு. கூட்டத்தைக் கண்டு ஓடிவந்து கிணற்றுக்குள் பார்த்தாள். பயத்தில் சிரித்தாளோ, நிம்மதியில் சிரித்தாளோ, அவளும் சிரித்தாள்.

"ஐயோ அப்பா, உது என்ரை. சித்தப்பா அனுப்பினது."

அண்ணன் வீட்டுக்கு நடந்து போனார். இஞ்சினோடு வந்த ரப்பர் பெல்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். தடித்த பெல்ட், உள்பக்கம் பல்லுப் பல்லாக இருக்கும். முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். அவள் ஓடவில்லை, ஓடினால் இன்னும் விழும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது அடிக்குத் தலையைத் திருப்பினாள், அது காதில் விழுந்தது. அவள் கிணற்றுக்கட்டோடு சரிந்த பிறகும் அடித்தார். செல்வம் கட்டிப் பிடித்தார், அவரைத் தூக்கி எறிந்தார். சிரித்த சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளைச் சட்டையின் கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் இரத்தம். கை நோகும் மட்டும் அடித்துவிட்டு, அண்ணன் பெல்ட்டைப் போட்டுவிட்டு அதே இடத்தில் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்.

5

அண்ணி எனக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் யார்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளையை ஓட்டோவில் வவுனியாவுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், ஓமந்தை தாண்டியாயிற்று. பின்னால் சாருகா முனகுகிற சத்தம் கேட்டது. அண்ணி அழவில்லை, அவசரமாகக் கதைத்தார். டொக்டர் கேட்பார், பொலிசுக்குப் போகும், அண்ணனை உள்ளே போடுவார்கள், சின்னவளோடு நான் என்ன செய்கிறது, தம்பி, நீர் படிச்சனீர், என்ன சொல்லுறது எண்டு சொல்லும் என்றார்.

நான் யோசிக்கவே இல்லை.

"கிணத்துக்கட்டில வழுக்கி விழுந்தவள் எண்டு சொல்லுங்கோ."

இதுதான் நான் எழுதிக் கொடுக்க வேண்டிய சாட்சி. அந்தப் பொய் அண்ணன் கட்டினதல்ல, அண்ணி கட்டினதல்ல. நான் செய்து கொடுத்த பொய். என் பார்சலின் கதை வெளியே வரும், கொள்கலனின் கதை வெளியே வரும், என் விசா என்ன ஆகும் என்றும் அந்த ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. பிள்ளை முனகிக்கொண்டிருக்க அதுவும் ஓடியது. மறைக்க மாட்டேன்.

6

மூன்றாம் கிழமை நான் ஊருக்குப் போனேன். பிள்ளையைப் பார்க்கப் போனேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அண்ணனுக்கு அடிக்கப் போனேன். விமானத்தில் ஒன்பது மணித்தியாலமும் எந்தக் கையால், எங்கே என்றுதான் யோசித்தேன். கொழும்பில் இருந்து பஸ், புளியங்குளத்தில் இறங்கி இன்னொரு பஸ். படலையைத் திறந்தபோது அவர் அந்த இஞ்சினைத்தான் பம்புக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். வந்திட்டியோ என்று நிமிர்ந்தவரின் முகத்தில் குத்தினேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தொன்று. ஆனால் அவர் மண்வெட்டி பிடிக்கிற கமக்காரன். கையில் இருந்த நட்டுக் கழற்றுகிற சாவியால் என் வாயில் ஒன்று போட்டார், முன்பல் இரண்டு போயிற்று. நான் அவரை மண்ணில் விழுத்தி நெஞ்சில் ஏறி இருந்து அடித்தேன். எனக்கு அது சுகமாக இருந்தது. சின்னவள் குசினி வாசலில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள், அதற்குப் பிறகும் இரண்டு குத்து குத்தினேன். செல்வம் வந்து பிரித்தார்.

இரண்டு பேரும் இரத்தம் துப்பிக்கொண்டு நிலத்தில் இருந்தோம். அண்ணன் கேட்டார்.

"தபாலில போட்டிருந்தா எவ்வளவடா முடிஞ்சிருக்கும்?"

சொன்னேன். நாலாயிரத்து நானூறு. இலங்கைக் காசில் எவ்வளவு என்றும் சொன்னேன். அண்ணன் சாரத்து நுனியால் வாயைத் துடைத்தார். பிறகு, தான் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, தம்பியை யாரோ பிடித்து வைத்து இப்படிச் செய்விக்கிறார்கள், அவனையும் கொன்றிருப்பார்கள் என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். உனக்காகவும் சேத்துத்தான் அழுதுகொண்டு ஓடினனான் என்றார். அவரைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. பிள்ளையின் காதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் சிரிச்சவள் என்று மட்டும் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

சாருகா அப்போது கனகராயன்குளத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். வீங்கின முகத்தோடு போன என்னைப் பார்த்தாள். கதிரையைத் திருப்பிப் போட்டு, இடது காது என் பக்கம் வருகிற மாதிரி இருந்தாள். அகல்யா விளக்கு வைத்திருக்கிறாளா என்று விசாரித்தாள். கச்சேரியைத் தானும் பார்த்தாளாம், ஒரு பக்கத்தால் கேட்கும்போது பாட்டில் யார் எங்கே நின்று பாடுகிறார்கள் என்று தெரியவில்லையாம். பிறகு, கிணற்றுக்கட்டுக் கதையை யார் கட்டினது என்று கேட்டாள். அம்மாவாக இருக்கும் பிள்ளை என்றேன். நேருக்கு நேர் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் விமானம் ஏறினேன்.

7

போன மாதம் என்னிடம் சாட்சி கேட்டபோது அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. அம்மா சொல்லிப்போட்டா, அதைப் பற்றிக் கதைக்க நான் போன் எடுக்கேல்லை என்றாள். தங்கச்சியின் தொடையில் கிடந்த தழும்பைப் படம் எடுத்து அனுப்பினாள். பெல்ட்டின் பல்லுத் தடம், வரிசையாக. என் மகளின் வயதுப் பிள்ளை. அந்தப் படத்தைப் பார்த்த அகல்யா இது யார் செய்தது என்று கேட்டாள். ஆச்சரியமாக, தமிழில் கேட்டாள். பெரியப்பா என்று சொன்னேன். நீங்களும் இப்படிச் செய்வீங்களா என்று கேட்டாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னுடைய மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் சாட்சியை எழுதி முடித்தேன். ஒரு பக்கம். இஞ்சினுக்குள் நான் வைத்தது, அண்ணி ஓட்டோவில் இருந்து சொன்னது, நான் சொல்லிக் கொடுத்த பொய், எல்லாம். போனில் அனுப்பினால் செல்லாதாம், கையெழுத்தோடு தாளாக வர வேண்டுமாம், அந்தக் கையெழுத்தை இங்குள்ள தூதரகத்தில் உறுதிப்படுத்த வேண்டுமாம். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, ரயில் ஏறிப் போய், இரண்டு வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு வந்தேன். படிவத்தில் காரணம் என்று கேட்ட இடத்தில் குடும்ப விடயம் என்று எழுதினேன். அதைத் திருத்திக் கொண்டுவாருங்கள் என்றார் அதிகாரி. தாக்குதல் என்று எழுதினேன்.

தபாலகத்துக் கவுண்டர்ப் பெண் உறையை நிறுத்துவிட்டு, ஒரு தாளுக்கு விரைவுத் தபால் வீண் செலவு, சாதாரணமாக அனுப்பினால் மிக மலிவு, கொஞ்சம் பிந்தும் என்று அன்பாகத்தான் சொன்னாள். வழக்குத் தவணைக்கு முதல் போக வேண்டும் என்றேன். காசைக் கட்டினேன்.

தாள் பொலிசுக்குக் கிடைத்த நாள் அண்ணிதான் முதலில் தொலைபேசி எடுத்தார். நீர் எங்கடை குடும்பத்தை அழிச்சுப்போட்டீர் என்று சொல்லிவிட்டு அழுதார், வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் அண்ணன் எடுத்தார். பெத்த தாயில் இருந்து தொடங்கி என்னை ஒன்றும் மிச்சம் விடாமல் பேசினார். நான் மற்றக் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் சொன்னதைச் செய்கிற மனுசன் என்று எனக்குத் தெரியும்.

"இனி இந்தப் படலைக்குள்ள கால் வைச்சுப் பார். வெட்டிப்போட்டு அந்தக் கிணத்துக்குள்ளயே போடுவன்."

"வாறன் அண்ணை," என்றேன். "தவணைக்கு வாறன். முதல் கோட்டுக்கு வந்து சொல்லுறதைச் சொல்லிப்போட்டு, படலைக்கும் வாறன். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போக."